சீன பிராக்களில் 'சைஸ் இல்லை' என்று போடுவது எதற்கு?

நூலிழை:
75பி, 80சி என்று அளவு போட்ட சீன பிராண்டுகள் இப்போது 'சைஸ் இல்லை' என்கின்றன. கூடவே ஓர் உடல் எடை வரம்பு மட்டும். கம்பியும் தடித்த பேடும் குறைந்துகொண்டே வருகின்றன. இது விளம்பர உத்தியா, துணியே மாறிவிட்டதா? எல்லாருக்கும் பொருந்துமா?

கத்தரி:
ரசனை, துணி இரண்டுமே மாறின. கம்பி வைத்துத் தூக்கிக் காட்டும் புஷ்-அப்தான் அங்கே ரொம்ப நாள் கோலோச்சியது. 2012-ல் ஷாங்காயில் தொடங்கிய நெய்வாய் (பெயருக்கு 'உள்-வெளி' என்று பொருள்), 2016-ல் வந்த உப்ராஸ் ஆகிய இரண்டு பிராண்டுகளும் கம்பியில்லாத பிராவை முன்னுக்குக் கொண்டுவந்தன. நெய்வாய் 2020 விளம்பரத்தில் வெவ்வேறு உடல்வாகுள்ள பெண்களை நிறுத்தியது. 2021-ல் உப்ராஸ் ஓர் ஆண் நகைச்சுவைக் கலைஞரை வைத்து விளம்பரம் செய்து, பெண்களை மட்டம்தட்டுகிறது என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டது. வாங்குபவர்கள் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதும்.

துணி நைலானும் ஸ்பான்டெக்ஸும் (ரப்பர் மாதிரி இழுபடும் இழை) கலந்த பின்னல். விளிம்பில் தையலுக்குப் பதில் சூட்டில் உருகும் பசை. அதை முழுப் படலமாக ஒட்டினால் துணி விறைத்துவிடும். புள்ளி புள்ளியாக வைத்தால் இழுவை அப்படியே இருக்கும். 'சைஸ் இல்லை' என்பதன் சூட்சுமம் பாதி இந்தப் புள்ளிகளில்தான்.

அளவுநாடா:
எல்லாருக்கும் பொருந்தாது. 75பி-யில் 75 என்பது மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு, சென்டிமீட்டரில். மார்பு எடுப்பாக இருக்கும் இடத்தின் சுற்றளவிலிருந்து அதைக் கழித்தால் சுமார் 10 வந்தால் ஏ, 12.5 பி, 15 சி. கீழ்ச் சுற்றில் ஐந்தாறு செ.மீ. கூடக்குறைய இருந்தால் துணி இழுத்துச் சமாளிக்கும். கப்பின் ஆழத்தை அதனால் உண்டாக்க முடியாது. சி-யைத் தாண்டினால் நடுப்பகுதி நெஞ்செலும்பில் படியாமல் தூக்கி நிற்கும், அக்குள் பக்கம் பிதுங்கும், நடந்தால் ஆடும். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். அடிப்பட்டி கூடவே ஏறினால் அது உங்களுக்கானது இல்லை.

நூலிழை:
எடை வரம்பை நம்பலாமா?

அளவுநாடா:
தோராயத்துக்கு மட்டும். 55 கிலோ எடையுள்ள இரண்டு பேருக்கு உயரமும் விலா அகலமும் ஒன்றாக இருக்காது. கப்பைப் பற்றி எடை ஒன்றுமே சொல்லாது.

கத்தரி:
துவைப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வெந்நீர், டிரையர், பிளீச் மூன்றும் ஸ்பான்டெக்ஸுக்கு எமன். பசை முதலில் அக்குள் வளைவில் உரியும். வியர்வையும் இழுவையும் அங்கேதான் அதிகம். கழற்றும் பேடாக இருந்தால் எடுத்துவிட்டுத் துவையுங்கள், இல்லையென்றால் உள்ளேயே மடிந்து முண்டு தட்டும். 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், முறுக்காமல் பிழிதல், நிழலில் விரித்துக் காயவைத்தல். ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும்.

தாங்கல் வேண்டும், கம்பி வேண்டாம் என்பவர்களுக்கு 'மென்தாங்கல்' வகை வந்திருக்கிறது. கப்பின் அடியில் ஜெல்லி மாதிரி வளையும் பட்டை இருக்கும். பெரும்பாலும் எஸ், எம், எல் என்று அளவோடுதான் விற்கிறார்கள். கப்பின் அடியைக் கட்டைவிரலால் மடித்து விடுங்கள். சட்டென்று பழைய வளைவுக்குத் திரும்பினால் பட்டை உள்ளே இருக்கிறது. மடிந்தே கிடந்தால் அது வெறும் நுரைப் பஞ்சு.