"பம்பு பாகங்கள்" என்று ஒரே வரியில் எழுதியதன் விலை: இறக்குமதி டிக்ளரேஷன் அனுபவங்கள்

ஒரு ரப்பர் வளையத்தால் மூன்று வருடத்துப் பழைய ஃபைல்களைத் திரும்பவும் பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கம்பெனிகளின் இறக்குமதிக்கு டிக்ளரேஷன் (என்ன பொருள், என்ன விலை என்று சுங்கத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு) தயார் செய்து, தாக்கல் செய்து, சுங்கத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்லி, சரக்கு வெளியே வரும் வரை கூடவே நிற்பதுதான் என் வேலை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தொழிற்சாலைப் பம்புகளைப் பழுது பார்ப்பவர். அவருடைய சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸில் நாற்பது வரி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புதான், "பம்பு பாகங்கள்". எனக்கு முன்னால் அந்த ஃபைலைப் பார்த்தவர் எல்லாவற்றையும் 8413.91 என்ற கோட்டில் (பொருளின் வகையைக் காட்டும் சுங்க எண், இதை வைத்துத்தான் வரி) போட்டு வந்தார், நானும் அதையே தொடர்ந்தேன். பம்புக்கான பாகம், பம்பு பாகத்துக்கான கோடு, இதில் என்ன சந்தேகம் வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அந்தச் சரக்கு நேரடிப் பரிசோதனைக்கு வந்தது. அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, உள்ளே கறுப்பு வளையங்கள். ஒன்றை எடுத்து இரண்டு விரலில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார். "பம்பில் கசிவு வராமல் இருக்கப் போடும் சீல் சார்" என்றேன். "எதனால் செய்தது?" "ரப்பர் சார்." "அப்படியென்றால் கோட்டுப் பட்டியலில் 16-ஆம் பிரிவின் முதல் குறிப்பைப் படித்தீர்களா?" நான் படித்திருக்கவில்லை. கோடு இருக்கும் வரியைப் பார்த்திருந்தேனே தவிர, அந்தப் பிரிவின் தலைப்பில் இருக்கும் குறிப்புகளைப் பார்த்ததே இல்லை.

இயந்திரங்களில் பயன்படும் வல்கனைஸ் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) ரப்பர் பொருள்கள் (கடின ரப்பர் தவிர) இந்தப் பிரிவில் சேராது என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. அவை 4016-க்குப் போக வேண்டும். கேஸ்கெட், வாஷர், சீல் என்றால் 4016.93. அதோடு நிற்கவில்லை. அடுத்த பையில் பேரிங், அது 8482. அதற்கடுத்த பையில் எஃகு போல்ட், அது எங்கே பயன்பட்டாலும் 7318. மெக்கானிக்கல் சீல் 8484.20. பெட்டியின் அடிப்பகுதியில் கிடந்த இம்பெல்லரும் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) கேசிங்கும் (வெளிக்கூடு) மட்டும்தான் கடைசியில் உண்மையான "பம்பு பாகங்கள்" ஆயின. அதுவரை எல்லாம் ஒரே பெயரில்தான் உள்ளே வந்திருந்தன.

சில பொருள்களுக்கு வரி விகிதம் கூடியது, சிலவற்றுக்கு மாறவில்லை. ஆனால் ஒன்று தப்பு என்று தெரிந்துவிட்டால் பழையதையும் கேட்பார்கள். மூன்று வருடத்து இன்வாய்ஸ்களை வரி வரியாகப் பிரித்து, எந்தப் பொருள் எந்தக் கோட்டில் வந்திருக்க வேண்டும் என்று நாங்களே அட்டவணை போட்டுக் கொடுத்தோம். கேட்பதற்கு முன் நாங்களாகவே எடுத்துக் கொடுத்ததால் அபராதம் குறைந்தது. வட்டி குறையவில்லை.

இதில் எனக்கு இன்னும் மனதில் உறுத்துவது பணம் இல்லை. "உங்களை நம்பித்தானே கொடுத்தேன்" என்று அந்த முதலாளி ஒரே ஒரு தடவைதான் சொன்னார், சத்தம் போடவில்லை. சட்டப்படி பொறுப்பு அவருடையதுதான், ஏஜென்ட் தாக்கல் செய்தாலும் இறக்குமதியாளர் பெயரில்தான் டிக்ளரேஷன் நிற்கிறது. ஆனால் பிசகியது எங்கள் கையில்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் "இதன் பெயர் என்ன" என்று மட்டும் கேட்பதில்லை. எதனால் செய்தது, என்ன வேலை செய்கிறது, எதில் போய் உட்காருகிறது, இந்த மூன்றையும் கேட்கிறேன். பெயர் விற்பவர் வைப்பது, அதைக் கொண்டு வகைப்படுத்த முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் விழாதவர்கள் குறைவு. சப்ளையர் தன் இன்வாய்ஸில் ஒரு கோடு போட்டிருப்பார், அதை அப்படியே நம் டிக்ளரேஷனில் ஏற்றிவிடுவார்கள். மேலே சொன்ன எண்கள் எல்லாம் எச்.எஸ். கோடு, அது உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் பட்டியல், 1988-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் முதல் 6 இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்கிறது. அவருடைய 8 அல்லது 10 இலக்கம் நம்முடையதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் ஆறுகூட ஏற்றுமதிக்காக அவர் போட்டது, பெரும்பாலும் அங்கே வரி இல்லாததால் யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் பக்கத்தில்தான் அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

பட்டியலும் அவ்வப்போது மாறுகிறது. 2022 பதிப்பில் டிரோன்களுக்கு 8806 என்று தனித் தலைப்பே வந்தது. எங்களிடம் வந்த ஒரு கம்பெனி தன் ஸ்டாக் சாஃப்ட்வேரில் பழைய கோட்டையே வைத்திருந்தது, தாக்கல் செய்த உடனே திரும்பி வந்தது. அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் வருகிறது. இப்போதே ஐட்டம் மாஸ்டரை (உங்கள் பொருள்களும் அவற்றின் கோடுகளும் உள்ள பட்டியல்) எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.

* * *

மேலே எழுதிய அண்ணாவுக்கு நன்றி. நான் எதிர்ப்பக்கம், பொருள் வாங்கிக் கொண்டுவரும் கம்பெனி நடத்துபவன். எனக்குக் கோட்டில் பிரச்சினை வரவில்லை, மதிப்பில் வந்தது. இப்படி ஒன்று இருக்கிறது என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் கருவிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேவைப்பட்டது. வெளிநாட்டு சப்ளையர் அதற்கு ஒரு அச்சு செய்ய வேண்டும் என்றார். அச்சுக்கான பணத்தை முதலிலேயே தனியாக வங்கி மூலம் அனுப்பிவிட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு கண்டெய்னருக்கும் உறையின் விலை மட்டும் போட்டு இன்வாய்ஸ் வந்தது, அதையே டிக்ளரேஷனில் காட்டினோம். ஒன்றையும் மறைக்கவில்லை. அச்சு அவர்கள் தொழிற்சாலையிலேயே இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சரக்கு விடுவித்துப் பல மாதம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கே தணிக்கைக்கு வந்தார்கள். இரண்டு பேர். சுங்கத் தாள்களை அவர்கள் கேட்கவே இல்லை, கணக்குப் புத்தகத்தைக் கேட்டார்கள். ஒருவர் பென்சில் முனையை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்து "டூலிங்" (அச்சுச் செலவு) என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினார். "இது எந்தச் சரக்குக்கானது?"

நான் விளக்கினேன். அச்சு இங்கே வரவே இல்லையே, வராத பொருளுக்கு எப்படி வரி என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அச்சு வரவில்லை. அதன் மதிப்பு நீங்கள் கொண்டு வந்த ஒவ்வொரு உறைக்குள்ளும் வந்திருக்கிறது."

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தில் 8-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. வாங்குபவர் அச்சு, டை மாதிரியானவற்றை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்திருந்தால் அந்த மதிப்பை இறக்குமதிப் பொருளின் விலையோடு கூட்ட வேண்டும். என்னை மாதிரி சப்ளையருக்கே தனியாகப் பணம் கட்டியிருந்தாலும் தப்ப முடியாது, அது அந்தப் பொருளுக்காகக் கொடுத்த விலையின் ஒரு பகுதி. அந்தப் பொருளை விற்க நிபந்தனையாகக் கட்டும் ராயல்டி, விற்பனைக் கமிஷன், பேக்கிங் செலவு இவையும் இதே பட்டியலில் உண்டு. நமக்காக வேலை செய்யும் கொள்முதல் ஏஜென்டுக்குக் கொடுக்கும் கமிஷனை மட்டும் கூட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. அச்சின் மதிப்பை எப்படிப் பிரிப்பது என்பதற்கு அந்த ஒப்பந்தத்தின் விளக்கக் குறிப்பு சில வாய்ப்புகளைத் தருகிறது. முழுவதையும் முதல் சரக்கிலேயே காட்டி முடித்துவிடலாம், அல்லது அந்த அச்சில் மொத்தம் எத்தனை உறை செய்யப் போகிறோமோ அத்தனைக்கும் பங்கிடலாம். தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் முதல் கண்டெய்னரோடு கட்டி முடித்திருப்பேன். ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்து வியர்த்திருக்க வேண்டியதில்லை.

சப்ளையர் பழுதான பொருளுக்குப் பதில் இலவசமாக அனுப்பும்போது "வணிக மதிப்பு இல்லை" என்று எழுதி, விலை வெறும் 1 என்று போடுவார், அதையும் ஏற்காதீர்கள். நாம் பணம் கொடுக்கவில்லை என்பதால் பொருளுக்கு மதிப்பு இல்லாமல் போய்விடாது. இப்போது என் கணக்காளரும் டிக்ளரேஷன் பார்ப்பவரும் மாதம் ஒரு முறை ஒன்றாக உட்காருகிறார்கள். வெளிநாட்டுக்குப் போன ஒவ்வொரு தொகையும் எந்த இறக்குமதியோடு சேர்கிறது என்று பார்க்காமல் எழுந்திருப்பதில்லை.

* * *

நான் கிடங்குப் பக்கம். தாள்கள் எல்லாம் சரி, கோடு சரி, விலை சரி, ஆனாலும் கண்டெய்னர் நின்றது. காரணம் ஒரு மரப்பலகை.

மரப் பேக்கிங் பொருளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு விதி இருக்கிறது. சூடுபடுத்தும் முறை என்றால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு, செய்தவரின் எண், எச்.டி. (சூடுபடுத்தியது) என்ற எழுத்து எல்லாம் மரத்திலேயே முத்திரையாக இருக்க வேண்டும். எங்கள் பேலட்களில் (சரக்கை அடுக்கும் மரத்தட்டுகள்) முத்திரை இருந்தது. ஒன்றில் மட்டும் நடுவில் உடைந்த பலகையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஆணியடித்திருந்தார்கள். மற்றவை சாம்பல் நிறமாகிவிட்டிருக்க, அது ஒன்று மட்டும் பளிச்சென்று மஞ்சளாக, முத்திரை இல்லாமல் இருந்தது. பழுது பார்க்கச் சேர்க்கும் துண்டும் பதப்படுத்தியதாக, தனியாக முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆய்வாளர் கண்ணில் முதலில் பட்டதே அந்தப் பலகைதான்.

அந்தப் பேலட்டை மாற்றி, பழைய மரத்தை அழித்து, மறுபடி ஆய்வுக்கு நாள் வாங்குவதற்குள் இலவச நாட்கள் முடிந்து டெமரேஜ் (துறைமுகத்தில் கூடுதல் நாள் நிற்பதற்கான கட்டணம்) ஓட ஆரம்பித்துவிட்டது. கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கவும் தாமதமாகி, ஷிப்பிங் லைனுக்கு டிடென்ஷனும் (அந்தத் தாமதத்துக்கான கட்டணம்) கட்டினோம். இப்போது சரக்கு ஏற்றும் முன் ஒவ்வொரு பேலட்டின் போட்டோவும் எனக்கு வந்தாக வேண்டும். முழுக்கப் பிளைவுட்டால் ஆன பேலட் என்றால் இந்த விதியே பொருந்தாது, முடிந்தவர்கள் அதற்கு மாறிவிடலாம்.

* * *

மறுபடியும் நான்தான், ரப்பர் வளையக்காரன். மேலே இருவர் எழுதியதிலும் ஒன்று பொதுவாக இருப்பதைப் பார்த்தீர்களா? பிரச்சினை துறைமுகத்தில் வெளியே வந்தது, ஆனால் பிறந்தது அங்கே இல்லை. ஆர்டர் எழுதிய அன்றோ பேலட் கட்டிய அன்றோ அது தொடங்கிவிட்டது. அதனால்தான் கப்பல் கிளம்பும் முன்பே தாள்களைத் தாருங்கள் என்று நான் வாடிக்கையாளர்களிடம் விடாமல் கேட்கிறேன். சரக்கு வந்து சேரும் முன்பே தாக்கல் செய்யும் வசதி பல இடங்களில் இருக்கிறது. 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தமே அதற்கு வழி செய்யச் சொல்கிறது. அதே ஒப்பந்தத்தில்தான் முன்கூட்டிய தீர்ப்பும் வருகிறது. பொருளை முழுமையாக விவரித்து எழுத்தில் கேட்டால் எந்தக் கோடு என்று சுங்கமே எழுத்தில் சொல்லிவிடும். ஒரே பொருளை அடிக்கடி கொண்டு வருபவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பதில் வரக் கொஞ்சம் நாளாகும், ஆனால் வந்துவிட்டால் மனது லேசாகிவிடும்.

நேரம் இருந்தால்தான் சின்னத் தப்புகள் கண்ணில் படும். ஒரு சப்ளையரின் பேக்கிங் லிஸ்டில் எடை 1.250 என்று இருந்தது. அவர்கள் நாட்டில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள், அதாவது அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ. எங்கள் பையன் ஒன்றேகால் கிலோ என்று ஏற்றிவிட்டான். முந்தின நாளே டிராஃப்டை வாடிக்கையாளருக்கு அனுப்பியிருந்ததால் அவர் பார்த்துவிட்டு உடனே போன் செய்தார். இன்னொரு முறை கண்டெய்னர் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. அந்த எண்ணின் கடைசி இலக்கம் மற்றவற்றைக் கொண்டு கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் சாஃப்ட்வேர் ஏற்க மறுத்தது, பிழைத்தோம்.

அந்தப் பம்பு முதலாளி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார், அதைச் சொல்லாமல் விட மனமில்லை. இப்போது புதுப் பாகம் எது வந்தாலும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து, எதனால் செய்தது என்று எழுதி அனுப்புகிறார். போன வாரம் ஒரு எஃகு ஸ்பிரிங் வந்தது. நான் பதில் எழுதுவதற்குள் அவரே கீழே எழுதியிருந்தார்: "தம்பி, இது பம்பு பாகம் இல்லை, 7320 தானே?"

7320 தான்.