மறு: நினைவட்டையின் அந்தச் சின்ன எண்ணுக்கு ஒரு பெயர் – ‘உறுதிவேகம்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் சொற்பட்டியலுக்காக மெமரி கார்டு சார்ந்த சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழை நினைவட்டையா, நினைவக அட்டையா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டும் சம்மதம். கடையில் எல்லாரும் மெமரி கார்டு என்றுதான் கேட்பார்கள், எழுத்தில் நினைவட்டை என்று சுருக்கமாக வந்தால் போதும், நினைவகம் புழங்குகிற ஊரில் அதுவும் புழங்கும். அதை அத்தோடு விட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்குகிறவர் உண்மையில் தடுமாறுகிற இடத்துக்கு வருவோம். அது வேகம். ஓர் அட்டையில் மூன்று நான்கு விதமான வேகங்கள் இருக்கின்றன, நாமோ எல்லாவற்றையும் ‘வேகம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்து எழுதுகிறோம். “வேகமான அட்டை வாங்குங்கள்” என்று கட்டுரை எழுதினால் படிப்பவர் கடைக்குப் போய் எந்த எண்ணைப் பார்ப்பார்? பெரிய எண்ணைத்தான்.

இதை எழுதும்போது ஒரு எஸ்டி அட்டையைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஓர் அஞ்சல்தலை அளவுப் பரப்பு, அதில் எத்தனை குறிகள்! நடுவில் தடித்த எழுத்தில் 170, அதன் பக்கத்தில் பொடியாக நொடிக்கு மெகாபைட் என்று. ஓரத்தில் ரோமன் ஒன்று. சி என்ற எழுத்துக்குள் 10. யு என்ற எழுத்துக்குள் 3. அப்புறம் வி30. இந்த 170 என்பது அட்டையிலிருந்து கணினிக்குப் படிக்கும்போது, அதுவும் அந்த நிறுவனத்தின் தனி முறைக்கு ஒத்துப்போகும் கார்டு ரீடரில் போட்டால், எட்டக்கூடிய உச்சம். ரோமன் ஒன்று குறிக்கிற யுஎச்எஸ்-1 தடத்தின் (அட்டைக்கும் கருவிக்கும் இடையே தரவு ஓடும் வழியின்) பொது வரையறையே நொடிக்கு 104 மெகாபைட்தான், ஆகவே அந்தத் தனி முறை தெரியாத கேமராவுக்குள் 170 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. கேமராக்காரருக்கு வேண்டியது வி30. நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காமல் தொடர்ந்து எழுதுவேன் என்று அட்டை கொடுக்கிற வாக்கு அது. யு3 சொல்வதும் அதே 30 தான், சி10 சொல்வது 10. பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தச் சின்ன எண்ணுக்குத் தமிழில் பெயர் இல்லை என்பதுதான் என் கவலை.

இந்த வாக்கு ஏன் தேவைப்பட்டது என்று இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். இந்த அட்டைகளுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் அப்படியே எழுத முடியாது, ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். பல அட்டைகளில் முதலில் ஒரு பகுதியை அறைக்கு (தகவலைச் சேமிக்கும் மிகச் சிறிய அலகுக்கு) ஒரு பிட் என்ற கணக்கில் விறுவிறுவென்று நிரப்பிவிட்டு, அது தீர்ந்ததும் அறைக்கு மூன்று பிட் என்று மெதுவாக எழுதத் தொடங்குவார்கள். சூடேறினாலும் வேகம் குறையும். ஆக, முதல் சில நொடிகளில் அளந்தால் ஒரு எண், பத்து நிமிடம் கழித்து அளந்தால் வேறு எண். காணொளி எடுக்கும் கேமராவுக்கு முதல் நொடியின் வீரம் உதவாது. நொடிக்கு 100 மெகாபிட் 4கே காணொளி என்றால் எட்டால் வகுத்து நொடிக்கு 12.5 மெகாபைட், அது எந்த நொடியிலும் தடைபடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பானசோனிக் ஜிஎச்5 கேமராவுக்கு 2017-ல் வந்த புது ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருளில்) 400 மெகாபிட் பதிவு சேர்ந்தபோது அது 50 மெகாபைட் ஆகிவிட்டது, வி30 போதாது, வி60 வேண்டும் என்று நிறுவனமே சொன்னது. (பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு 100 மெகாபிட்டுக்கு நொடிக்கு 100 மெகாபைட் அட்டை தேடுகிறவர்கள் நிறைய. நம் கட்டுரைகளில் இரண்டுக்கும் ‘எம்பி’ என்று சுருக்கி எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும், தயவுசெய்து.)

நிழற்படத்திலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண போட்டோகிராபர், 24 மெகாபிக்சல் கேமரா, ரா கோப்பாக (கேமரா பிடித்ததை மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் வகை) எடுப்பவர். கெட்டிமேளம் கேட்டதும் விரலை அழுத்திப் பிடித்தார், சில நொடி படபடவென்று ஓடியது, அப்புறம் கேமரா நின்று நின்று ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது, அட்டை விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது, மாப்பிள்ளை கை மூன்றாம் முடிச்சில். கணக்கு இதுதான்: 14 பிட்டில் சுருக்காத ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 42 மெகாபைட், நொடிக்குப் பத்துப் படம் என்றால் 420. அதைக் கேமராவின் உள்ளே இருக்கும் இடையகம் (பஃபர்) வாங்கி வைத்துக்கொள்ளும், அது நிரம்பிய பிறகு அட்டை எழுதுகிற வேகம்தான் கேமராவின் வேகம். 80-ல் எழுதினால் நொடிக்கு இரண்டு படம் கிடைக்கும், 30-க்கு இறங்கிவிட்டால் ஒன்றுகூடத் தேறாது. அவர் அட்டையின் முகத்திலும் பெரிய எண் ஒன்று இருந்தது. “ஸ்பீடு கார்டுதானே சார் வாங்கினேன்” என்றார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, ‘மினிமம் சஸ்டெயின்டு ரைட் ஸ்பீடு’ என்று ஒரு ரயிலைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

சரி, சொற்களுக்கு வருகிறேன். ‘நீடித்த குறைந்தபட்ச எழுதும் வேகம்’ என்று முதல் மடலில் வந்தது. பொருள் சரி, ஆனால் இது விளக்கம், பெயர் ஆகாது. அட்டவணையின் தலைப்பில் ஏறாது, வாயிலும் ஏறாது.

கோவை நண்பர் ‘தாங்குவேகம்’ என்றார். சஸ்டெயின் என்பதற்குத் தாங்கு என்று அகராதி பார்த்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் பெரிய தயக்கம். இந்தப் பாலம் இருபது டன் தாங்கும் என்றால் அதற்கு மேல் போகக்கூடாது என்று பொருள். தாங்குவேகம் 30 என்று படிக்கிறவர், 30-க்கு மேல் இந்த அட்டை தாங்காது என்றுதான் எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியது நேர்மாறு, 30-க்குக் கீழே போகாது என்பது. தரையைக் கூரை என்று காட்டிவிடும் சொல் வேண்டாமே.

‘நிலைவேகம்’ அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் மாறாத வேகம் என்றல்லவா அது ஒலிக்கிறது? வி30 அட்டை 30-லேயே ஓடுவதில்லை, 45-லும் ஓடும், 80-லும் ஓடும். ‘அடிவேகம்’ ஓரளவு நெருங்கி வருகிறது, கீழெல்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் அங்கே வாக்கு இல்லை. சோதனையில் ஏதோ ஒரு நொடியில் அட்டை 22-க்கு விழுந்தால் அதுவும் அடிவேகம்தான். அளந்து பார்த்துக் கண்ட கீழெல்லை வேறு, தயாரித்தவர் இதற்குக் கீழே போகாது என்று முத்திரை குத்திக் கொடுத்த கீழெல்லை வேறு.

ஆகவே என் முன்மொழிவு உறுதிவேகம். எதிர்ச்சொல்லாக உச்சவேகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: “உச்சவேகம் 170, உறுதிவேகம் 30.” விளக்கமே தேவையில்லாமல் ஒரு அட்டையின் குணம் வெளியே வந்துவிடுகிறது. நெல்லுக்கு ஆதரவு விலை என்கிறோமே, சந்தையில் அதற்கு மேலும் போகலாம், ஆனால் அரசு கொள்முதலில் இதற்குக் கீழே எடுக்க மாட்டார்கள் என்று விவசாயிக்குத் தெரியும், அந்தச் சொல்லை யாரும் அவருக்கு வகுப்பெடுத்துப் புரியவைக்கவில்லை. உறுதிவேகமும் அப்படி நடக்க முடியும் என்று நம்புகிறேன். இன்னொரு துணையும் இருக்கிறது. எஸ்டி அட்டைகளின் தரங்களை வகுக்கும் எஸ்டி சங்கம் 2016-ல் கொண்டுவந்த வி வரிசையின் பெயரில் இந்த எண்ணம் மறைந்துதான் இருக்கிறது, ஆனால் கேமராவில் போடும் வேறு வகைகளான காம்பாக்ட்ஃபிளாஷ், சிஎஃப்எக்ஸ்பிரஸ் அட்டைகளின் தரக்குறியான விபிஜியில் (வீடியோ பெர்ஃபார்மன்ஸ் கேரன்டி) கடைசி எழுத்தே கேரன்டி. விபிஜி400 என்றால் நொடிக்கு 400 மெகாபைட் உறுதி. சிஎஃப்எக்ஸ்பிரஸ் அட்டைகளிலோ முகப்பில் 1700 என்றெல்லாம் போடுகிறார்கள், அங்கே இந்த இரண்டு சொற்களின் தேவை இன்னும் கூடுகிறது.

தமிழாசிரியர் ஐயா ஒருவர் தனி மடலில் ஒரு மறுப்பு அனுப்பியிருந்தார், அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். உறுதி என்றால் வலிமை என்றும் பொருள், உறுதியான கதவு என்கிறோம், ஆகவே உறுதிவேகம் என்றால் ‘பலமான வேகம்’ என்று கொள்ள இடமுண்டு என்றார். உண்மைதான் ஐயா. ஆனால் உறுதிமொழி என்று படிக்கும்போது வலிமையான மொழி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, வாக்கு என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது. பக்கத்தில் உச்சவேகம் நிற்கும்போது மயக்கம் இன்னும் குறையும்.

எழுதுவேகம், படிவேகம் இரண்டையும் வினைத்தொகையாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுதுகோல், ஊறுகாய், சுடுசோறு என்று எத்தனை காலமாக ஓடிக்கொண்டிருக்கும் வழி அது. ‘எழுத்து வேகம்’ என்று எழுதினால் தட்டச்சுத் தேர்வு நினைவுக்கு வருகிறது. படி என்பதில் மாடிப்படியும் நகலும் குறுக்கிடும் என்று ஒருவர் சொன்னார், தனியாக நின்றால் குறுக்கிடலாம், எழுதுவேகத்துக்கு இணையாக வரும்போது குறுக்கிடாது.

‘வேகம்’ என்ற சொல் இலங்கையில் பொருந்துமா என்ற யாழ்ப்பாணத் தோழரின் கேள்விக்குத்தான் அதிகம் யோசித்தேன். இலங்கைப் பாடநூல்களில் ஸ்பீடுக்குக் கதி, வெலாசிட்டிக்கு வேகம். இங்கே தமிழ்நாட்டில் ஸ்பீடுக்கு வேகம், வெலாசிட்டிக்குத் திசைவேகம். அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்ததன்படி பார்த்தால் அட்டைக்கு இருப்பது வேகமே அல்ல, கதி. இதை நாம் “பெரும்பான்மை வேகம்” என்று சொல்லித் தள்ளிவிடக்கூடாது. தமிழ்நாட்டில் கதி என்றால் “இனி என் கதி என்ன” என்ற பொருளே முன்னால் நிற்கிறது, அதனால் இங்கே அதைக் கொண்டுவருவதும் கடினம். சொற்பட்டியலில் உறுதிவேகம், உறுதிக்கதி இரண்டையும் ஒரே பதிவில் ஒரே மதிப்போடு போடுவோம், தேடுகிறவர் எதைத் தட்டினாலும் அங்கே வந்து சேரட்டும். ‘உறுதி’ என்ற பாதி இரு பக்கமும் பொதுவாக நின்றால் எனக்கு அதுவே பெரிய நிறைவு.

வி30, வி60 போன்ற ஸ்பீடு கிளாஸுக்கு வேக வகுப்பா வேகத் தரமா என்பதற்கு ஒரு வரி: வகுப்பு போதும். தரம் என்று போட்டால் வி90 அட்டை வி30-ஐவிடத் தரமானது என்று ஆகிவிடும், அது ஆயுளைப் பற்றியோ நம்பகத்தைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை. இதில் வாங்குபவர் காசும் அடங்கியிருக்கிறது. வி60, வி90 அட்டைகள் யுஎச்எஸ்-2 வகை, பின்னால் இரண்டாவது வரிசை உலோகக் கால்கள் இருக்கும். கேமராவில் அட்டை செருகும் துளை யுஎச்எஸ்-1 ஆக இருந்தால் அந்த இரண்டாம் வரிசையைத் தொட அங்கே ஒன்றும் கிடையாது, பல மடங்கு விலை கொடுத்து வாங்கியது பழைய தடத்திலேயே ஓடும். கேமரா கையேட்டில் துளை எது, பதிவுக்கு எந்த வகுப்பு வேண்டும் என்ற இரண்டையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகச் சொல்லுங்கள். 100 மெகாபிட் 4கே எடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு நல்ல வி30 தாராளம். ஏ1, ஏ2 குறிகள் கைபேசியில் செயலிகளை ஓட்டுவதற்கானவை, கேமராவுக்கு அவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

காம்பாக்ட்ஃபிளாஷ் காலத்து 133எக்ஸ், 1066எக்ஸ் கணக்கையும் பட்டியலில் ‘மடங்கு’ என்று சேர்க்கலாம், ஒரு மடங்கு என்பது பழைய சிடி ஓடிய வேகம், நொடிக்கு 150 கிலோபைட், அப்படிப் பெருக்கினால் 1066 என்பது 160 மெகாபைட்டுக்கு வரும். அதுவும் உச்சவேகம்தான், அதையும் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

சொற்பட்டியல் பதிவின் வரைவு கீழே. திருத்துங்கள்.

உறுதிவேகம் (இலங்கை வழக்கு: உறுதிக்கதி): வரையறுத்த நிலைமைகளில் தொடர்ந்து எழுதும்போது இதற்குக் கீழே இறங்காது என்று தயாரிப்பாளர் உறுதி கூறும் எழுதுவேகம். எ-டு: “இந்தக் கேமராவில் 400 மெகாபிட் பதிவுக்கு 60 மெகாபைட் உறுதிவேகம் உள்ள அட்டை வேண்டும்.”

‘வரையறுத்த நிலைமைகளில்’ என்பதை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். அழித்து அழித்துத் துண்டு துண்டாகக் கிடக்கும் அட்டையில் அந்த வாக்கு செல்லாது, கேமராவிலேயே ஃபார்மட் செய்து தொடங்கினால்தான் அது பொருந்தும். போலி அட்டைகளுக்கு எந்த வாக்கும் கிடையாது, அட்டை முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச நிரல்கள் இருக்கின்றன, வாங்கிய அன்றே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பர்ஸ்ட் ஷூட்டிங்குக்கு (விரலை அழுத்திப் பிடித்துப் பல படங்களைத் தொடர்ந்து எடுப்பதற்கு) ‘தொடர்பிடிப்பு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இல்லையென்றால் அதையும் இதே பதிவின் எடுத்துக்காட்டில் சேர்த்துவிடுகிறேன். இடையகத்தை வேதியியல்காரர்களின் ‘தாங்கல்’ என்று மாற்றச் சொன்ன மடலுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும், அதைப் புது இழையில் தொடங்குவோம், இல்லாவிட்டால் இது இன்னும் நீண்டுவிடும்.