மழை நாள்ல கிளாஸுக்குள்ளயே சேர்ந்து செய்யற ஆக்டிவிட்டி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் நீலகிரியில கோத்தகிரி பக்கம் தொடக்கப்பள்ளி டீச்சர், 1, 2, 3 மூணு வகுப்பும் ஒரே ரூம்லதான். அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல, பிள்ளைங்க கத்துக்கிட்ட அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு குரூப்பா பிரிச்சு சொல்லிக் கொடுக்கறது நல்லாவே போகுது, ஆனா மூணு குரூப்பும் கலந்து செய்யற மாதிரி ஏதாவது வேணும். வெயில் இருந்தா வெளிய போய் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) காய் பொறுக்கிட்டு வந்து பத்து பத்தா குவிச்சு வைப்போம், சின்னதுங்க எண்ணும் பெரியதுங்க கூட்டும், ஒரு பிள்ளையும் சும்மா உட்காராது, அதைப் பார்க்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கும். அக்டோபர், நவம்பர்ல மழையும் மிஸ்ட்டும் இறங்குச்சுன்னா வாசல் தாண்ட முடியல, ரூமும் இருட்டா இருக்கு, குளிர்ல பிள்ளைங்க கை விரல் மடங்காது எழுதவும் கஷ்டம்.

வீட்ல படுக பாஷை (இங்க படுகர் மக்கள் பேசற பாஷை) பேசற பிள்ளைங்க இருக்காங்க, எஸ்டேட் வேலைக்கு ஜார்கண்ட்ல இருந்து வந்தவங்க பிள்ளைங்களும் இருக்காங்க, அதனால பாட்டு, கதை, நடிப்புன்னு வாயால செய்யறதா இருந்தா ரொம்ப நல்லது. படுக பாஷையில விடுகதை, எண்ணுற பாட்டு தெரிஞ்ச பாட்டிமார் யாராவது உங்க வீட்ல இருந்தா வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்களேன். பொருள் வேணும்னா பேப்பர், அட்டை, துணி, விதைன்னு சொல்லுங்க, நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் தடை இருக்கறதால பாட்டில் ஐடியா வேண்டாம். ஊட்டி, குன்னூர், கூடலூர் டீச்சர்ஸ் நீங்க மழையில என்ன பண்றீங்கன்னு கண்டிப்பா சொல்லுங்க, திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.