எம்-ஓ-எஸ்-டி: நாலே எழுத்து, நாட்டுக்கு ஒரு அர்த்தம். வேர் ஒன்றா?

ரயில்பூச்சி:
புடாபெஸ்டில் இருக்கும் ஒரு டீமோடு வேலை பார்க்கிறேன். அவர்கள் தங்களுக்குள் சாட்டில் எழுதிக்கொள்ளும்போது எம்-ஓ-எஸ்-டி என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். அது ஆங்கில மோஸ்ட் இல்லை என்பது அது நிற்கும் இடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. விசாரித்தால் ‘இப்போது’ என்று அர்த்தமாம். அப்புறம் மேப்பை நோண்டினால் செக் நாட்டில் அதே எழுத்துகளில் ஒரு ஊரே இருக்கிறது, ஆஸ்திரியாவில் மொஸ்ட்ஃபியர்டல் என்று ஒரு வட்டாரம், போஸ்னியாவில் மொஸ்டார். எல்லாம் அக்கம்பக்கத்து நாடுகள்தானே, ஒரே வேரிலிருந்து கிளைத்ததா, இல்லை சும்மா தற்செயலா?

சொல்வேட்டை:
தற்செயல்தான். செக் ஊரும் மொஸ்டாரும் மட்டும் ஒரே குடும்பம், மற்றவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் என்று ஸ்லாவிய மொழிகள் பெரும்பாலானவற்றில் மொஸ்ட் என்றால் பாலம். செக் ஊருக்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த பெயர் ப்ரூக்ஸ், அதுவும் அவர்கள் மொழியில் பாலத்துக்கான சொல்லிலிருந்து வந்ததுதான். இந்த ஊரின் கதை தனி. அடியில் இருந்த பழுப்பு நிலக்கரிக்காகப் பழைய நகரத்தை மொத்தமாக இடித்துத் தள்ளிவிட்டார்கள், ஆனால் மாதா கோயிலை மட்டும் விட மனமில்லாமல் 1975-ல் தண்டவாளம் போட்டு 841 மீட்டர் நகர்த்திக் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறது. மொஸ்டார் என்ற பெயர் பாலத்துக்குக் காவல் இருந்தவர்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே 1566-ல் கட்டி முடித்த பாலத்தின் பெயர் ஸ்டாரி மொஸ்ட், அதாவது பழைய பாலம். போரில் 1993 நவம்பரில் பீரங்கி அடித்துச் சாய்த்தார்கள், திரும்பக் கட்டி 2004-ல் திறந்தார்கள்.

பாலம் என்பது மட்டுமே இதன் பழைய பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். ரஷ்யனில் மஸ்தவாயா என்றால் கல் பாவிய தெரு, மஸ்தீத் என்றால் தளம் பாவுவது. ரஷ்யாவின் பழைய நகரமான நொவ்கரதில் தோண்டியபோது பிளந்த மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிப் போட்ட தெருக்கள் கிடைத்தன, பழசு சேற்றில் அமுங்க அமுங்க அதன் மேலேயே புதிதாக அடுக்கி, ஒரு தெருவில் 28 அடுக்கு. சேற்றுக்கு மேல் கட்டை பாவுவதும் ஆற்றுக்கு மேல் பாவுவதும் ஒரே வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கும் முந்தைய வேர் எது என்பதில் மொழியியல்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

ஆஸ்திரிய மொஸ்ட் லத்தீன் முஸ்டும் என்பதிலிருந்து வந்தது, புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு. மொஸ்ட்ஃபியர்டலில் அது பேரிக்காயைப் பிழிந்து புளிக்க வைத்த பானம். நம் பர்கரில் தடவுகிற மஸ்டர்டும் இந்தச் சாற்றின் பெயரிலிருந்து வந்ததுதான், கடுகை அதில் கலந்து அரைத்தார்கள்.

ஹங்கேரியன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே கிடையாது. அதனால் அவர்களுடைய ‘இப்போது’ இந்தப் பஞ்சாயத்துக்குள் வராது. அவர்களிடம் பாலத்துக்கு ஹீட் என்று வேறு சொல்.

பழந்தின்னி:
இவ்வளவு சுற்றுவானேன், ஆங்கில மோஸ்ட் நம் ‘மொத்தம்’தான். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. யானைக்குப் பிடிக்கும் மஸ்து கூட அந்த லத்தீன் சாறாக இருக்கும், குடித்தால் ஏறும்தானே 😄

சொல்வேட்டை:
சிரிப்புக் குறி போட்டதால் தப்பித்தீர்கள். ஆனால் இதை நிஜமாகவே நம்பி வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறவர்கள் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். சொல் இன்றைக்கு எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்து வேர் பிடிக்க முடியாது, பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அது மேஸ்ட் என்பதுபோல ஒலித்தது, அதில் ஓகாரமே இல்லை. ஜெர்மனில் மைஸ்ட், டச்சில் மேஸ்ட். இப்போது ‘மொத்தம்’ எங்கே ஒட்டும்? இன்னொரு வேடிக்கை, ஃபோர்மோஸ்ட் என்பதன் வாலில் இருக்கிற மோஸ்ட் கூட அசல் மோஸ்ட் இல்லை. அது மெஸ்ட் என்று வேறொரு பழைய விகுதி, மோஸ்டைப் பார்த்துப் பார்த்துப் பிற்பாடு தன் எழுத்தை மாற்றிக்கொண்டது.

மஸ்து பாரசீகத்தில் போதையேறியவன் என்ற பொருளில் வரும் சொல். சமஸ்கிருத மத, மத்த இரண்டும் அதற்குச் சொந்தக்காரர்கள், யானைக்கு மதம் பிடித்தது என்று நாம் சொல்வதும் அங்கிருந்து வந்ததே. லத்தீன் சாறு இந்தப் பக்கம் வரவில்லை.

ஏரிக்கரை:
சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு துணுக்கு. இங்கே துர்காவ் மாநிலம் முழுக்க ஆப்பிள் தோட்டம், மொஸ்ட் ஆறாக ஓடும். அதனால் அதற்கு மொஸ்டிண்டியன் என்று கேலிப் பெயர். ஜெர்மனில் கிழக்கிந்தியாவுக்கு ஓஸ்டிண்டியன், முன்னால் ஒரு எம் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். பேச்சுவழக்கில் பெட்ரோலையும் மொஸ்ட் என்பார்கள். பங்கில் நின்றுகொண்டு யாராவது மொஸ்ட் போட வேண்டும் என்றால் ஆப்பிள் ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ரயில்பூச்சி:
அருமை, எல்லோருக்கும் நன்றி. மீட்டிங்கில் நானும் ஒரு தடவை அந்த ஹங்கேரியச் சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். உச்சரிப்பு மொஸ்ட்தானே?

சொல்வேட்டை:
இல்லை, மொஷ்ட். ஹங்கேரியனில் எஸ் எழுத்துக்கு ‘ஷ’ ஒலி, அந்த ஊர்க்காரர்கள் புடாபெஷ்ட் என்று சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் மீட்டிங்கில் செக் நாட்டுக்காரர் யாராவது இருந்தால் அவர் காதில் பழச்சாறு என்று விழும், அவர்கள் மொழியில் மொஷ்ட் அதுதான், ஜெர்மனிலிருந்து வாங்கியது.