பூக்கேட்டால் எந்தப் பூ சம்மதம்? தெரியாமல் எழுதியவருக்கு ஒரு பதில்

குகைக்காரன்:
காலையிலிருந்து நம் சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. குறி பார்க்கும் முறைகள் என்று தலைப்பு. கிளி ஜோசியம், கைரேகை, சோழி, வெற்றிலையில் மை, பல்லி சொல், குடுகுடுப்பை, வைத்தீஸ்வரன்கோயில் நாடி என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பூக்கேட்பதைப் பற்றி ஒரே ஒரு வரி: “சிவப்புப் பூ வந்தால் தெய்வம் சம்மதம், வெள்ளை வந்தால் மறுப்பு.” யார் சொன்னது இதை? மற்றதை எப்படி எழுதினாலும் எனக்குக் கவலையில்லை. பூக்கேட்பது எங்கள் வீட்டுக் காரியம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால்தான் உத்தரவு. சிவப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். அக்கா கல்யாணம், வீடு கட்டுவது, தறியை விற்பது, மூன்றுக்கும் குலதெய்வத்திடம் பூக்கேட்டோம். முதல் இரண்டுக்கும் வெள்ளை வந்தது, செய்தோம். தறிக்குச் சிவப்பு வந்தது, விற்கவில்லை. இதை மாற்றி எழுத இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

மலைக்காபி:
அண்ணா, நான் ஏற்காடு. அந்தப் பதிவு என்னுடையது இல்லை, ஆனால் அந்த வரி சரி. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் செவ்வரளி வந்தால்தான் சம்மதம். வெள்ளை வந்தால் ‘இப்போது வேண்டாம்’ என்று அர்த்தம். என் பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான். அம்மனுக்கு உகந்தது சிவப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

குகைக்காரன்:
உகந்தது வேறு, உத்தரவு வேறு தம்பி. அம்மனுக்குச் சிவப்புப் புடவை சாத்துகிறோம், சரி. அதற்காகப் பூவிலும் சிவப்பே சம்மதம் ஆகிவிடுமா? 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் வழக்கமும் திரும்பிக்கொள்ளுமோ? வெள்ளைதான்.

மலைக்காபி:
மலையைக் கிண்டல் செய்யாமல் பேசத் தெரியாதா? சேலத்துக்காரர்கள் மே மாதம் வெயில் தாங்காமல் எங்கே ஓடி வருகிறீர்கள் என்று எங்களுக்கும் தெரியும். செவ்வரளிதான்.

தறிச்சத்தம்:
சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நிறமே கிடையாது. சாமியின் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்போம். வலது முதலில் விழுந்தால் நல்லது. என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது ஒன்றரை மணி நேரம் விழவே இல்லை. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வலதுதான் விழுந்தது. அந்த நேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேலி பேச மாட்டார்கள்.

குகைக்காரன்:
அது பூவாக்கு. நான் சொல்வது பொட்டலம் கட்டி எடுப்பது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

தறிச்சத்தம்:
அம்மாப்பேட்டையில் இதற்கும் பூக்கேட்பது என்றுதான் பெயர். உங்கள் குகைப் பகுதிக்கு மட்டும் தனி அகராதியா? ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் விட்டு வண்டி வேடிக்கை நடத்துகிற ஊர் என்றால் எல்லாமே உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டுமா?

குகைக்காரன்:
வண்டி வேடிக்கையை இழுக்காதீர்கள். ஆடியில் அதைப் பார்க்க உங்கள் பேட்டையே எங்கள் தெருவில்தான் நிற்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், பொட்டலத்தில் எந்த நிறம்?

தறிச்சத்தம்:
எங்களிடம் பொட்டலமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

குகைக்காரன்:
அப்படியானால் நீங்கள் இதில் பேச ஒன்றுமில்லை.

கணக்கு டீச்சர்:
ஒரு சின்ன விஷயம். பொட்டலத்தை எடுக்கும் முன்பே ‘இந்த நிறம் வந்தால் சம்மதம்’ என்று சாமியிடம் நேர்ந்துகொள்கிறோம். அங்கேயே அர்த்தம் முடிவாகிவிடுகிறது. பிறகு எதற்கு இந்தச் சண்டை? இரண்டில் ஒன்றை எடுத்தால் பாதிக்குப் பாதி. மூன்று தடவை எடுத்து மூன்றும் வெள்ளையாக வருவதற்கு 8-ல் 1 வாய்ப்பு. அப்படி வந்த வீட்டில் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வராத வீட்டுக்காரர்கள் யாரிடமும் சொல்வதில்லை. இன்னொன்று, செவ்வரளி வைத்த பொட்டலம் உப்பியிருக்கும், மல்லிகை மொட்டு வைத்தது தட்டையாக இருக்கும். எடுப்பது சின்னக் குழந்தை. அதன் கை எதற்குப் போகும்?

குகைக்காரன்:
டீச்சர், வாஸ்து பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் நடுவில் வந்து கணக்குப் போட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் மல்லிகை வைப்பதில்லை. வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, அளவு பார்த்து எடுத்து, வேப்பிலை சுற்றி, ஒரே நூலால் கட்டுவோம். கட்டுபவர் எடுக்க மாட்டார், எடுக்கும் குழந்தை கட்டும்போது கோயிலுக்குள்ளேயே இருக்காது. உப்பல், தட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்க்காமல் எழுதக்கூடாது.

கணக்கு டீச்சர்:
பார்த்திருக்கிறேன் சார். என் படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று என் வீட்டில் பூக்கேட்டார்கள். ‘நிறுத்து’ என்று வந்தது. அப்பா ஒத்துக்கொள்ளாமல் இரண்டாம் தடவை கேட்டார். அதனால்தான் இன்றைக்கு டீச்சர். எனக்கு இது விளையாட்டு இல்லை.

குகைக்காரன்:
இரண்டாம் தடவை எந்த நிறம் வந்தது?

கணக்கு டீச்சர்:
இதுதான் கேட்கத் தோன்றுகிறதா உங்களுக்கு?

வெள்ளிக்கொலுசு:
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து. பழைய தமிழில் குறி என்றால் கழங்கு, கட்டு, விரிச்சி. முருகனுக்குப் பூசை செய்யும் வேலன் கழங்குக் காய்களை உருட்டிப் பார்ப்பான். கட்டுவிச்சி என்னும் குறிசொல்பவள் முறத்தில் நெல் வைத்துப் பார்ப்பாள், அது கட்டு. தற்செயலாகக் காதில் விழும் சொல்லைக் குறியாக எடுப்பது விரிச்சி. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, காதில் விழும் சொல்லுக்காக நிற்கிறார்கள். பால் இல்லாமல் தவிக்கும் கன்றிடம் ஒரு இடையர் பெண் ‘உன் தாய் இப்போதே வந்துவிடுவாள்’ என்கிறாள். போருக்குப் போன தலைவன் திரும்பி வருவான் என்பதற்கு அதையே நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அழகான முறை! இதை விட்டுவிட்டு நிறத்துக்கு அடித்துக்கொள்கிறீர்களே.

குகைக்காரன்:
முல்லைப்பூ என்ன நிறம்? வெள்ளை. அந்தக் காலத்திலேயே வெள்ளை. நன்றி.

மலைக்காபி:
அது கேட்கப் போகும்போது தூவிய பூ. விடையாக வந்த பூ இல்லை. விடை சொல்லில்தானே வந்தது? அப்படிப் பார்த்தால் வேலன் சாமி வந்து வெறியாடும் களத்தில் பரப்புவது செந்தினை. அது என்ன நிறம் என்று நீங்களே சொல்லுங்கள்.

குகைக்காரன்:
தினை பூவா?

மலைக்காபி:
நிறம்தானே பேச்சு?

வெள்ளிக்கொலுசு:
நான் இதற்காகச் சொல்லவில்லை.

தறிச்சத்தம்:
ஒன்று கேட்க வேண்டும். விற்காமல் வைத்த அந்தத் தறி என்ன ஆயிற்று? கைத்தறியில் கூலி கட்டுப்படியாகாமல் எங்கள் தெருவில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்குமே?

குகைக்காரன்:
இன்னும் ஓடுகிறது. வெண்பட்டு வேட்டி நெய்கிறோம். என் காலேஜ் பீஸ் அந்தத் தறியில் வந்தது. சிவப்பு வந்ததை மதித்ததால்தான். நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்பதற்காக எல்லாரும் விற்க வேண்டுமா?

தறிச்சத்தம்:
நாங்கள் விற்றதாக நான் எழுதவே இல்லை. தனிப்பட்ட விஷயத்துக்குப் போகாதீர்கள்.

ஆனைமேடு:
கிளி ஜோசியம் பற்றி யாரும் பேசவில்லையே. சின்ன வயதில் தாத்தா கூட்டிப் போவார். கிளி வெளியே வந்து சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகும். சுக முனிவர் கிளி முகத்தோடு வழிபட்டார் என்று சுகவனேசுவரர் கோயில் தலபுராணம் சொல்லும் ஊர் இது. இங்கேயே கிளியைக் காணோம்.

வெள்ளிக்கொலுசு:
பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் சமயம் கடலூர்ப் பக்கம் வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்ததில் வனத்துறை வந்து நின்றதே. சிறகை வெட்டி வளர்ப்பதை அழகு என்று சொல்லாதீர்கள்.

ஆனைமேடு:
அந்த மனிதர்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்று சட்டம் கேட்டதா? கிளி இருந்தால்தான் அவர்களுக்கு வருமானம். நட்சத்திர ஹோட்டலில் உட்கார்ந்து எண் கணிதம் பார்ப்பவரை யாரும் தொடுவதில்லை.

குகைக்காரன்:
கிளிக்குத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு பூ. சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் கனவில் வரும் பொருளைக்கூடப் பூக்கேட்டு உத்தரவு வாங்கித்தான் பெட்டியில் வைக்கிறார்கள். அவ்வளவு பெரிய காரியம் இது. நிறத்தைத் தலைகீழாக எழுதினால் படிக்கிறவன் வீட்டில் ஒரு கல்யாணமே நின்றுவிடும். அதற்குத்தான் காலையிலிருந்து கத்துகிறேன்.

மலைக்காபி:
அதையேதான் நானும் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளை நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெள்ளை வந்ததும் தாலி கட்டிவிட்டால்? வேண்டுமானால் மேலே வாருங்கள், எங்கள் பூசாரியிடமே கேட்கலாம்.

குகைக்காரன்:
உங்கள் பூசாரி உங்கள் பங்காளியாக இருப்பார். நீங்கள் கீழே வாருங்கள், எங்கள் பூசாரியிடம் கேட்போம்.

மலைக்காபி:
அவர் மட்டும் யார், உங்கள் மாமாவா?

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். தங்கைக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, தங்கை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பூக்கேட்கச் சொல்கிறார்கள். முறை தெரியாது. யாராவது சொல்வீர்களா?

கணக்கு டீச்சர்:
முதலில் தங்கையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.

குகைக்காரன்:
குளித்துவிட்டு, குலதெய்வத்தின் முன்னால், வெள்ளை வந்தால் சம்மதம் என்று நேர்ந்துகொண்டு கேளுங்கள்.

கணக்கு டீச்சர்:
‘நேர்ந்துகொண்டு’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் சார். நான் சொன்னதும் அதுதான்.

குகைக்காரன்:
எழுதினேன். அதே வரியில் வெள்ளை என்றும் எழுதியிருக்கிறேன். அதையும் படியுங்கள்.

மலைக்காபி:
புதுவரவு, உங்கள் குலதெய்வம் எந்த ஊர்? மலைப்பக்கம் என்றால் செவ்வரளி.