ட்ரான்சிட் விசா இல்லாமல் ஏற்ற மாட்டார்களா? அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிளிஞ்சல்:
வணக்கம். லண்டன் சுற்றுலா போகிறேன், விசா கையில் இருக்கிறது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நடுவில் பிராங்க்ஃபர்ட்டில் ஐந்து மணி நேரம் இறங்கி ஏற வேண்டும். வெளியே போகப் போவதில்லை, உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கு ஒரு தோழி, ட்ரான்சிட் விசா இல்லாவிட்டால் கிளம்புகிற இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்கிறாள். இன்னொருவர், பிரிட்டன் விசா இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை என்கிறார். விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால் "ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு" என்று ஒரே வரி. யார் சொல்வது சரி? அடுத்த வாரம் பயணம்.

இளவேனில்:
எந்த நாட்டு பாஸ்போர்ட்? அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

தூரப்பயணி:
பயப்படாதீர்கள். நான் அதே பிராங்க்ஃபர்ட்டில் மாறி லண்டன் போயிருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்கிறதா என்பதை மட்டும்தான். பாதிப்பேர் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முத்துச்சிப்பி:
தூரப்பயணி அண்ணா, உங்களுடையது சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்று போன மாதம் வேறொரு இழையில் சொன்ன ஞாபகம். அதற்கு ஷெங்கன் நாடுகளுக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், ஜெர்மனியும் அதில் ஒன்று) போகவே விசா வேண்டாம், பிறகு ட்ரான்சிட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? உங்கள் அனுபவம் இவருக்குப் பொருந்துமா என்பதே தெரியவில்லை.

கிளிஞ்சல், இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரா, அதாவது ஒரே முன்பதிவு எண்ணா, தனித்தனி டிக்கெட்டா? பெட்டி போடுகிறீர்களா, கைப்பை மட்டுமா?

நெடுவழி:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், ஒருவரும் பாஸ்போர்ட் நாட்டைச் சொல்வதில்லை. தேடல் பெட்டி என்று ஒன்று மேலேயே இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியதை எடுத்த பிறகு கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. குடியுரிமை, வழித்தடம், கையிலுள்ள விசாக்கள், டிக்கெட் விவரம் நான்கையும் எழுதிவிட்டு வாருங்கள், பேசலாம்.

செங்கதிர்:
எதற்கு வம்பு, ஷெங்கன் டூரிஸ்ட் விசாவே ஒன்று எடுத்துவிடுங்கள். ஏஜென்ட்டிடம் டம்மி டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. திரும்பும்போது இரண்டு நாள் ஜெர்மனியும் பார்த்துவிட்டு வரலாம்.

இளவேனில்:
அடுத்த வாரம் பயணம் என்கிறார். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே கொடுக்க வேண்டும், முடிவு வரவே சாதாரணமாக 15 நாள், இழுத்தால் 45 நாள் வரை போகும். 90 யூரோ கட்டணமும் போய், விமானமும் போகும்.

நெடுவழி:
டம்மி டிக்கெட் என்று எழுதும்போதே நிர்வாகிகள் நீக்க வேண்டாமா? தூதரகத்தில் போலி ஆவணம் கொடுப்பது என்னவென்று தெரிந்துதான் சொல்கிறீர்களா செங்கதிர்?

செங்கதிர்:
போலி என்று யார் சொன்னது? ஏஜென்ட் பெயர் போட்டு இடம் பிடித்து வைப்பது உண்மையான முன்பதிவுதான், பணம் கட்டாததால் சில நாளில் தானே ரத்தாகிவிடும். விசா வரும் முன் டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள் என்று பல தூதரகங்களே எழுதி வைத்திருக்கின்றன. அப்புறம் எதைக் காட்டச் சொல்கிறீர்கள்?

நெடுவழி:
இடம் பிடித்து வைத்த முன்பதிவு வேறு. வலைத்தளத்தில் ஐந்து நிமிடத்தில் தயாராகிற பிடிஎஃப் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் புதிதாக வருகிறவர்கள் இரண்டாவதை வாங்கி ஏமாறுகிறார்கள். முன்பதிவு எண்ணை விமான நிறுவனத் தளத்தில் போட்டுப் பார்த்தால் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அது காகிதம் இல்லை, பொய். பிரிட்டன் விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் 10 ஆண்டுக்குப் பெரும்பாலான விண்ணப்பங்கள் எடுபடாது.

முத்துச்சிப்பி:
இருவரும் வேறு இழை தொடங்கி அடித்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

தூரப்பயணி:
நான் சொன்ன ஆறு மாதத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். என் உறவினரை அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள்.

இளவேனில்:
எந்த நாட்டுக்குப் போகும்போது அண்ணா? ஆறு மாதம் எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி இல்லை. சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதம் வேண்டும். ஷெங்கனில், அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருந்தால் போதும், ஆனால் பாஸ்போர்ட் வழங்கி பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பிரிட்டனுக்கு, தங்கும் காலம் முழுக்க செல்லுபடியாக இருந்தால் சரி. அமெரிக்காவுக்கு ஆறு மாதம்தான், ஆனால் ஒப்பந்தம் உள்ள நாடுகளின் பாஸ்போர்ட்டுக்கு விலக்கு உண்டு.

தூரப்பயணி:
எதுவாக இருந்தாலும் ஆறு மாதம் வைத்திருப்பதுதான் நல்லது, நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கிளிஞ்சல்:
வேலையில் இருந்தேன். இலங்கை பாஸ்போர்ட், இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. பிரிட்டன் விசிட் விசா, ஆறு மாதத்துக்கு. வேறு விசா எதுவும் இல்லை. பிராங்க்ஃபர்ட் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து லண்டன் இன்னொரு நிறுவனத்தில் தனி டிக்கெட், தனித்தனியாக எடுத்தால் விலை நன்றாகக் குறைந்தது. பெட்டி ஒன்று போடுவேன். திரும்பும்போது லண்டன், ஆம்ஸ்டர்டாம், பிராங்க்ஃபர்ட், பிறகு வீடு.

முத்துச்சிப்பி:
இப்போது சொல்ல முடியும். உங்கள் தோழி சொன்னதுதான் சரி, ஆனால் விஷயம் அவர் சொன்னதைவிடப் பெரியது. நிதானமாகப் படியுங்கள்.

ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பட்டியல் உண்டு. அதில் 12 நாடுகள், இலங்கையும் ஒன்று. அந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிப் போவதற்கும் ஏ வகை விசா, அதாவது ட்ரான்சிட் விசா எடுக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் விசா செல்லுபடியாக இருந்தால் விலக்கு. பிரிட்டன் விசா அந்த விலக்கில் இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில் அதுவும் செல்லுபடியாகும், அதனால்தான் பழைய பதிவுகளைப் படித்தவர்கள் இன்றும் "பிரிட்டன் விசா போதும்" என்கிறார்கள். 2020ஓடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்தது பெட்டி. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதால் பெட்டியில் ஒட்டுகிற தாளில் எஃப்ஆர்ஏ (பிராங்க்ஃபர்ட்) என்றுதான் இருக்கும், எல்எச்ஆர் (லண்டன் ஹீத்ரூ) என்று இருக்காது. அதை எடுக்க நீங்கள் இமிக்ரேஷன் தாண்டி பெல்ட்டுக்கு வர வேண்டும், மறுபடி கவுண்டரில் போட வேண்டும். அப்படித் தாண்டினால் ஜெர்மனிக்குள் நுழைந்ததாகவே கணக்கு. அதற்கு ஏ வகை உதவாது, சாதாரண ஷெங்கன் விசா, அதாவது சி வகை வேண்டும். நீங்கள் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தாலும் பெட்டி உங்களை வெளியே இழுக்கும்.

நெடுவழி:
திரும்பும் வழியை யாராவது பார்த்தீர்களா? ஆம்ஸ்டர்டாமிலிருந்து பிராங்க்ஃபர்ட் என்பது ஷெங்கனுக்குள் ஓடும் விமானம். உள்நாட்டு விமானம் மாதிரிதான். அதில் ஏற ஆம்ஸ்டர்டாமிலேயே எல்லையைத் தாண்ட வேண்டும். பெட்டியே இல்லாமல், ஒரே டிக்கெட்டில் போனாலும் சி வகை விசா இல்லாமல் அந்த வழியில் வர முடியாது. ட்ரான்சிட் விசா என்பது ஒரே ஒரு ஷெங்கன் விமான நிலையத்தோடு முடிகிற பயணத்துக்குத்தான். இதைத்தான் முதலிலேயே கேட்டேன்.

இளவேனில்:
நெடுவழி சொல்வது சரிதான், சொல்கிற விதம்தான் எப்போதும் இப்படி.

செங்கதிர்:
ஐந்து மணி நேரம் மாறுவதற்கு விசா கேட்பது அநியாயம். பணம் கொடுத்த பயணியை விமான நிறுவனம் ஏன் தடுக்க வேண்டும்? விசா பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. பிராங்க்ஃபர்ட் போய் அதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம் இல்லையா?

இளவேனில்:
அங்கே போய்ச் சேர்ந்தால்தானே பேசுவது. கவுண்டரில் இருப்பவர் டைமேட்டிக் என்கிற ஐயாட்டா (விமான நிறுவனங்களின் சங்கம்) தரவுத்தளத்தில் உங்கள் குடியுரிமை, போகும் நாடு, மாறும் நாடு மூன்றையும் பார்க்கிறார். அது சரி என்றால்தான் போர்டிங் பாஸ். தப்பான ஆவணத்தோடு ஒருவரைக் கொண்டுபோய் இறக்கினால் விமான நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம், திருப்பிக் கொண்டுவரும் செலவும் அவர்கள் தலையில். அதனால் அவர்கள் ஒருபோதும் துணிந்து ஏற்ற மாட்டார்கள். அங்கே நின்று அழுதாலும் கெஞ்சினாலும் மாறாது, அப்படி நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன், இரண்டு குழந்தைகளோடு. அந்த அம்மா திரும்பத் திரும்ப லண்டன் விசா இருந்த பக்கத்தையே விரித்துக் காட்டினார். பணியாளர் அதைப் பார்க்கவே இல்லை, அவர் பார்த்தது திரையில் ஜெர்மனி என்ற வரியை.

கிளிஞ்சல், போன் செய்தபோது நீங்கள் அவர்களிடம் பாஸ்போர்ட் நாட்டைச் சொன்னீர்களா?

முத்துச்சிப்பி:
இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் சி வகை விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பிராங்க்ஃபர்ட்டை விட்டுவிடுங்கள். தோஹா, துபாய் மாதிரி ஷெங்கனுக்கு வெளியே ஒரு இடத்தில் மாறுகிற டிக்கெட்டாக, லண்டன் வரை ஒரே முன்பதிவில் எடுங்கள். பெட்டி கடைசி ஊர் வரை போய்விடும், நீங்களும் உள்ளேயே மாறிக்கொள்ளலாம், விசாவுக்கு வேலை இல்லை. திரும்பும் பயணமும் அதே முன்பதிவில் இருக்கட்டும். பழைய டிக்கெட் ரத்து செய்யும் வகையா என்று இன்றைக்கே பாருங்கள், புறப்படும் நேரம் தாண்டிவிட்டால் வரிப்பணம்கூடத் திரும்புவது கஷ்டம்.

பணம் கட்டும் முன், ஒரே முன்பதிவா என்பதை நன்றாகப் பாருங்கள். சில புக்கிங் தளங்கள் இரண்டு நிறுவன டிக்கெட்டைத் தாங்களே ஒட்டி ஒன்று போல விற்கின்றன. "பயணி தானே மாறிக்கொள்ள வேண்டும்" என்று எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். அது மறுபடி இதே சிக்கல்தான்.

தூரப்பயணி:
அமெரிக்கா வழியாக எடுத்தால்?

நெடுவழி:
லண்டன் போக அமெரிக்கா வழியா? சரி, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் இமிக்ரேஷன் தாண்டாமல் மாறிப் போகும் வசதியே கிடையாது. வெறும் இரண்டு மணி நேரம் மாறுவதானாலும் விசா வேண்டும், விசா விலக்குத் திட்ட நாட்டவர் என்றால் எஸ்டா என்கிற இணைய முன் அனுமதி வேண்டும்.

செங்கதிர்:
எல்லாம் சரி, டம்மி டிக்கெட் பற்றி நான் சொன்னதில் தப்பில்லை என்று இன்னும் சொல்வேன். இடம் பிடித்து வைப்பது எல்லா ஏஜென்ட்டும் செய்கிற வேலை.

நெடுவழி:
தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பதில் சொல்கிறேன்.

இளவேனில்:
கிளிஞ்சல், என்ன ஆயிற்று? நாள் நெருங்கியிருக்குமே.

கிளிஞ்சல்:
லண்டன் வந்துவிட்டேன். தோஹா வழியாக ஒரே டிக்கெட், பெட்டி நேராக வந்தது. பழைய டிக்கெட்டில் ஒன்றுக்குப் பாதிப் பணம் கிடைத்தது, இன்னொன்றுக்கு வரி மட்டும். முத்துச்சிப்பி அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி.

மணல்மேடு:
இந்த இழையைப் படித்துவிட்டுப் பயம் வந்துவிட்டது. நானும் இலங்கை பாஸ்போர்ட்தான். கனடா விசா இருக்கிறது, பாரிஸில் மாறி டொரொன்டோ, போக வர ஒரே டிக்கெட். ஆனால் நான் திரும்பும் நாளுக்கு முன்பே விசா முடிந்துவிடுகிறது, தங்குவதற்கு அனுமதித்த காலம் மட்டும் மீதி இருக்கும். திரும்பும்போது பாரிஸில் தடுப்பார்களா?

முத்துச்சிப்பி:
போகும்போது கனடா விசா செல்லுபடியாக இருப்பதால் விலக்கு. அந்த விசாவைப் பயன்படுத்திவிட்டு அங்கிருந்து திரும்புகிறவருக்கும் விலக்கு உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அந்த வரி நினைவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கனடாவில் நுழைந்ததற்கான முத்திரையும் விசா பக்கமும் கையில் தயாராக இருக்கட்டும், சற்று முன்பே போய்விடுங்கள். திரும்பும் வழியில் பாரிஸ் மட்டும்தானே, வேறு ஐரோப்பிய ஊர் எதுவும் நடுவில் இல்லையே?

மணல்மேடு:
இல்லை, பாரிஸ் மட்டும்தான்.

முத்துச்சிப்பி:
அப்படியானால் சரி, போய் வாருங்கள்.