அனாட்டமி திசைகள்: யாராவது சொல்லித்தர முடியுமா?

வணக்கம். என் தங்கை பினாங்கில் தாதியர் டிப்ளோமா படிக்கிறாள், அடுத்த வாரம் அனாட்டமி (உடற்கூறியல்) டெஸ்ட். நேராக நின்று, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி இருக்கும் நிலையை வைத்தே எல்லாத் திசையும் சொல்ல வேண்டும். அதனால்தான் கட்டைவிரல் லேட்டரல் (உடலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளி), சுண்டுவிரல் மீடியல் (நடுக்கோட்டுக்குக் கிட்டே). முழங்கை மணிக்கட்டுக்கு பிராக்சிமல், அதாவது கை உடலோடு சேரும் இடத்துக்கு இன்னும் கிட்டே. இதுவரை சரி.

மாட்டிக்கொண்டது மூளையில். முதுகுத்தண்டில் டார்சல் என்றால் பின்பக்கம். பெருமூளைக்கு வந்ததும் அதுவே மேல்பக்கமாகிவிடுகிறது, நடுமூளை அருகே நரம்பு மண்டலத்தின் அச்சு வளைவதால். படத்தைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது, எந்தத் திசையிலோ!

ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் பக்கம் மருத்துவமோ பிசியோவோ படிப்பவர்கள் சனி ஞாயிறில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து விளக்க முடியுமா? நல்ல வீடியோ இருந்தாலும் அனுப்புங்கள், தமிழோ மலாயோ பரவாயில்லை. தே தாரிக் எங்கள் செலவு.